ஐந்தாவது விதைக்கோட்டை

1972, சித்திரை. காலை 10.20. திருவையாற்றுக்குப் பக்கத்தில், காலமான சாம்பசிவம் பிள்ளையின் வீடு. நெல் அறையில், விதைநெல்லை வைக்கோல் பிரியால் சுற்றிச் சாணி மெழுகிக் கட்டிய ஐந்து விதைக்கோட்டைகளில் ஐந்தாவதை அறுத்துக் கவிழ்த்தார்கள். நெல்தான் கொட்டியது. உயிலைக் காணோம்!

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் சேக் தாவூது கொட்டிய நெல்லைக் கையால் துழாவிப் பார்த்தார். உயில் எழுதச் சொன்னதே அவர்தான். "பாலிசிக்கு நாமினி போட்டாச்சு. நிலத்துக்கு?" என்று மாசியில் கேட்டபோது, "என்னை வழியனுப்பவா வந்தீரு பாய்?" என்று பிள்ளை எரிந்து விழுந்தார்.

"இல்லீங்க. குத்தகைக்கார வீரையன் செத்துப் போயிட்டான். நீங்களும் இல்லேன்னா அவன் சம்சாரம் பூவம்மா கதி?"

பிள்ளை காகிதம் கொண்டுவரச் சொன்னார். உயிலை எழுதினார். பூவம்மாளுக்கு அவள் உழும் வயல் இரண்டு மா, முக்கால் ஏக்கர்கூட இல்லை. மிச்ச இரண்டு வேலியும், அதாவது பதிமூன்று ஏக்கரும், வீடும் காலமான அண்ணனின் மகன் பஞ்சநதத்துக்கு. "பெட்டியை எவனும் திறப்பான். விதைக்கோட்டையை ஆடி வரைக்கும் எவனும் தொடமாட்டான்" என்று காரியஸ்தர் இளையபெருமாளிடம் தனியாகச் சொல்லி, அதற்குள் வைத்துக் கட்டச் செய்தார். சாகும்போது பஞ்சநதத்திடமும் இடத்தைச் சொன்னார். இடம் தெரிந்தவர்கள் இந்த இருவர்தான்.

அறை மூலையில் பிள்ளையின் சகோதரி ஆனந்தம் உட்கார்ந்திருந்தாள். வாசலில் பூவம்மாள் கைகட்டி நின்றாள். பதினோரு மணிக்கு அவள் வயலைக் கைப்பற்ற பஞ்சநதம் டிராக்டர் இறக்கப் போகிறான்.

"குத்தகைப் பதிவுல வீரையன் பேரே இல்ல பாய்" என்றான் பட்டணத்தில் படித்த பஞ்சநதம். "உயிலும் இல்ல. கோட்டை கட்டத் தெரிஞ்சவர் இந்த வீட்டுல காரியஸ்தர் ஒருத்தர்தான். அவரைக் கேளுங்க."

இளையபெருமாள் தலையில் அடித்துக்கொண்டார். "முப்பது வருஷம் உப்பு தின்னவன் தம்பி நானு."

தாவூது குனிந்தார். மற்ற நாலு கோட்டைகளிலும் சாணி காய்ந்து வெடித்திருந்தது. இதில் ஈரம். நாலிலும் பிரி ஒரே இழுப்பாக நீளம். இதில் சாண் நீளத்துக்கு ஒரு முடிச்சு. பரணில் நீளமான சம்பா வைக்கோல் தொங்கியது. ஜன்னல் வழியே தெரிந்த கொல்லை வைக்கோல் போரிலும் இந்தப் பிரியிலும் குட்டை வைக்கோல்.

10.45.

"காரியஸ்தரே, கொல்லையில என்ன வைக்கோல்?"

"ஐ.ஆர். எட்டுங்க, புதுக் குட்டை நெல் ரகம். மாட்டுக்குத்தான். அதுல கோட்டை கட்ட முடியுமா? எட்டாதே!"

"ஆமா. இவரு கட்டியிருந்தா பரண்ல கை வெச்சிருப்பாரு" என்று தாவூது நிமிர்ந்தார். "வைக்கோல்னா எல்லாம் ஒண்ணுதான்னு நெனச்சவர் கட்டினது இது. உயில் இருந்த இடம் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. நீங்கதான் தம்பி பிரிச்சிருக்கீங்க."

"நான் வாரிசு! எனக்கெதுக்குத் திருட்டு?"

"அங்கதான் தப்புப் பண்ணிட்டீங்க. பிள்ளைக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. உயில் இல்லேன்னா சட்டப்படி எல்லாம் கூடப்பிறந்தவங்க, உங்க அத்தை ஆனந்தம் அம்மாவுக்கு. உங்களுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. உயிலை எரிச்சுட்டீங்களா?"

பஞ்சநதத்தின் கை தானாக வேட்டி மடிக்குப் போனது. உயில் காகிதத்தை இழுத்தான். கூடவே நாலைந்து விதைநெல் தரையில் சிதறியது.

"அடப் பாவி!" என்றாள் மூலையில் இருந்த ஆனந்தம். "ரெண்டு மாவுக்கு ஆசைப்பட்டு ரெண்டு வேலிக்கும் கொள்ளி வெக்கப் பாத்தியே!"

வெளியே டிராக்டர் சத்தம் கேட்டது. பூவம்மாள் உள்ளே வந்து, சிதறிய நெல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"டிராக்டர் வரட்டுங்க பாய்" என்றாள். "என் வயலைத்தானே உழப்போவுது."