சுரண்டாத குட்டிவயிறு

புருல்சுன் மூச்சிரைக்க வந்து நின்றபோது இஷென்குல் தேநீரில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தார். கரகோல் சந்தையில் முப்பது வருடம் சரக்குச் சோதித்து ஓய்ந்தவர். தராசைத் தொடும் விரலை வைத்தே வியாபாரியை எடைபோடுவார்.

"அண்ணே, என் கடையை இன்னைக்கே காலி பண்ணணுமாம்! அனிபா புருஷன் ஆஸ்பத்திரியில கிடக்கறாரு. நான் வித்த குட்டிவயிறுதான் விஷமாம்!"

எங்கள் ஊரில் காளானுக்கு அதுதான் பெயர்.

பின்னாலேயே சந்தை மேலாளர் தூர்சுனும் அனிபாவும் வந்தார்கள். "நேத்து நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். இங்க வாங்கி வீட்டுல வெச்சிருந்த காளான்ல இதோ மிச்சம்," என்று அனிபா பையைக் கவிழ்த்தாள்.

தேநீர்க்கடை மைராஷுக்குத் துப்புத் துலக்குவதென்றால் உயிர். "பழுப்பு! கொல்ற காளானும் பழுப்புதான். கேஸ் முடிஞ்சுது!"

"நீ டீயை ஆத்து, தாயி."

இஷென்குல் கொத்துகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஒட்டிய மக்கின கட்டை, காம்பில் வளையம்.

"மக்கின கட்டையும் வளையமும் நல்லதுக்கும் உண்டு, கொல்றதுக்கும் உண்டு. குடை உதிர்க்கற தூளைப் பாருங்க. மேல்குடை உதிர்த்தது கீழ்க்குடைமேல மாவாட்டம் வெள்ளையா படிஞ்சிருக்கு. கொல்ற ஜாதின்னா துரு நிறத்துல இருக்கும். இது அத்தனையும் நல்ல காளான்."

"அப்ப என் வீட்டுக்காரர் நடிக்கறாரா?" அனிபா சீறினாள்.

"டாக்டர்கிட்ட என்ன சொன்னாரு? அவர் வார்த்தையிலேயே சொல்லும்மா."

"'குட்டிவயிறு தின்னேன், சரியாச் சுரண்டாம ஆக்கிட்டாங்க'ன்னாரு."

"ஆக்கிட்டாங்க! நீ ஊர்லயே இல்ல, ஆக்கினது யாரு? அதுவும் காளானை எவன் சுரண்டுவான்? கொதிநீர்ல முக்கிச் சுரண்டறது நிஜ ஆட்டுக்குட்டியோட நிஜ வயிறு!"

அனிபா கைபேசியில் புருஷனை அழைத்தாள். மறுமுனையில் அவருடைய ஈனக்குரல். "ஆமா, சிநேகிதன் வீட்டு விருந்து. குட்டி அறுத்தாங்க. காளானா? அதான் டாக்டரம்மா ஈரல் போயிடும் ஈரல் போயிடும்னு என்னைப் பொணத்தைப் பாக்கற மாதிரி பாக்குதா?"

டாக்டரம்மாவே கைபேசியை வாங்கினார். "கெட்ட இறைச்சியா? முன்னாடியே சொல்லக் கூடாதா? ரெண்டு மூணு நாள்ல எழுந்து நடப்பாரு."

அனிபா அழுதபடியே சிரித்தாள். கொட்டிய காளான்களை மறுபடி பைக்குள் பத்திரமாக எடுத்துவைத்தாள்.

புருல்சுன் கடைக்குத் திரும்பும் முன்பே சேதி பரவி அங்கே கூட்டம். தூர்சுன் தொண்டையைச் செருமினார். "கடை இருக்கட்டும்மா. எனக்கும் ஒரு கொத்து கொடு."

"வரிசையில வாங்க சார்," என்றாள் புருல்சுன்.