படகில் ஒரு வெள்ளை முக்காடு

தலையில் துணி விழுந்ததுதான் தெரியும்... மறுநொடி பெகிமாய் அதை உருவி ஏரியில் வீசிவிட்டாள்.

படகில் இருந்த இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். படகோட்டி எர்மெக் திருதிருவென்று விழித்தான். திடீர் மழை... பாவம், நனைகிறாளே என்று பெட்டியில் கிடந்த அம்மாவின் வெள்ளை முக்காட்டை எடுத்துப் பின்னாலிருந்து அவளுக்குப் போர்த்தினான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான்.

"மழைக்குத்தாங்க போட்டேன்."

"கேட்டுட்டுப் போடத் தெரியாதா? அதுவும் வெள்ளை."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பெண்ணைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய், வீட்டுப் பெண்கள் அவள் தலையில் வெள்ளை முக்காட்டைப் போட்டுவிட்டால் கல்யாணம் முடிந்த மாதிரி என்று நினைக்கிறவர்கள் அந்த நாட்டில் இன்னமும் இருக்கிறார்கள்.

"தப்புதாங்க. வேணும்னா என்னையும் தூக்கி ஏரியில வீசிடுங்க."

"நீச்சல் தெரியுமா?"

"நல்லாவே தெரியும்."

"அப்ப வேஸ்ட்."

சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து, உடன் வேலை பார்க்கும் நர்ஸுகளோடு ஒரு நாள் பயணமாக ஏரிக்கரை ஊரான சோல்பொன்-அத்தாவுக்கு வந்தவள். ஐந்து மணிக்குப் பஸ். கரையில் இறங்கும்போது மழை விட்டிருந்தது; தோழிகள் மணலுக்கு ஓடினார்கள். இவள் மட்டும் படகுத்துறையிலேயே நின்றாள்... ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

எர்மெக் புகைபோட்ட மீன் வாங்கி வந்து, தன் பெயரைச் சொல்லிக்கொண்டே முள்ளை எடுத்துவிட்டு நீட்டினான். மழைத்துளி ஒட்டிய அவன் இமைகள்... அவற்றுக்குள்ளே கூச்சத்தோடு பார்க்கிற கண்கள். பாழாய்ப்போன நெஞ்சு, மூன்று வருடமாக ஒழுங்காகத்தானே இருந்தது?

யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னாள்.

"மூணு வருஷம் முன்னாடி என்னைத் தூக்கிட்டுப் போனாங்க. விடியறதுக்குள்ள ஜன்னல் வழியா குதிச்சு ஓடி வந்துட்டேன். ஒரு ராத்திரி அங்க இருந்துட்டேன்னு எங்கப்பா கதவைத் திறக்கல."

அவன் மீனைக் கீழே வைத்துவிட்டான்.

"நீங்க யாரையாவது தூக்கியிருக்கீங்களா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். இல்லை என்று ஒரு சொல் போதும்... போன் நம்பரைக் கொடுத்திருப்பாள். மறுபடி ஒரு ஆண்பிள்ளையை நம்பியிருப்பாள்.

அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"தூக்கல. கார் ஓட்டினேன்... சிநேகிதனுக்காக. பின்சீட்ல அந்தப் பொண்ணு அழுதுச்சு. காதுல விழக்கூடாதுன்னு பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வச்சேன்."

வாயிலிருந்த மீன் கசந்தது.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க?"

"அந்த வீட்லயேதான். ரெண்டு பிள்ளைங்க. நான் போனா டீ ஊத்திக் குடுக்கும்... என் முகத்தை மட்டும் பார்க்காது."

சாலையில் பஸ் ஹாரன் அடித்தது. தோழிகள் கைகாட்டிக் கூப்பிட்டார்கள்.

"இல்லன்னு சொல்லியிருக்கலாமே."

"உங்ககிட்ட பொய் சொல்ல வாய் வரலைங்க... உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

பெகிமாய் எழுந்தாள். அழவே கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதாள்.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு, எர்மெக். அன்னைக்கு என்னைத் தூக்கிட்டுப் போன காரையும் உங்களை மாதிரி ஒரு நல்லவன்தான் ஓட்டியிருப்பான்."