நுரை அடங்கட்டும் அப்பா

அப்பாவின் மடிக்குப் போனால் மட்டும் குட்டித் தம்பி அழுது ஊரைக் கூட்டினான்.

பகலெல்லாம் அம்மாவிடம் சமர்த்தாகத்தான் பால் குடித்தான். தாய்ப்பால் போதவில்லை என்று, மாலையில் ஒருவேளை மட்டும் பவுடர் பால் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அம்மா கொஞ்சம் கண்ணயரட்டும் என்று அதை அப்பாதான் கொடுப்பார். குடித்த சற்று நேரத்தில் தம்பியின் முகம் சிவக்கும், வயிறு உப்பும், காலை மடக்கி மடக்கி உதைப்பான். அப்புறம் ஒரே அழுகைதான்.

அப்பா வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். பெயிண்ட் வாசனை பிள்ளைக்கு ஆகவில்லை என்றாள் அத்தை. அப்பா சோப்புப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்துக் குளித்தார். மீசையைப் பார்த்துப் பயப்படுகிறான் என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர். ஆசையாக வளர்த்த மீசையும் போயிற்று. தம்பி அழுகையை நிறுத்தவில்லை. தெருவில் அப்பாவைப் பார்த்தவர்கள்தான் யார் இவர் என்று விழித்தார்கள்.

போதாக்குறைக்குத் தம்பி நேற்றிலிருந்து கக்கா போகவில்லை. அத்தை சர்க்கரைத் தண்ணீர் கலக்கப் போனாள். அம்மா தடுத்துவிட்டு, நர்சிடம் போனில் கேட்டாள். கைக்குழந்தை ஒரு நாள் போகாமல் இருப்பது உண்டு, இளகலாகப் போனால் பயமில்லை என்றார் நர்ஸ். வாந்தியோ காய்ச்சலோ வந்தால் உடனே தூக்கி வர வேண்டும், நீங்களாக எதையும் கொடுக்காதீர்கள் என்றும் சொன்னார்.

அன்று மாலையும் அதே அழுகை. அப்பா தம்பியை அத்தையிடம் நீட்டினார்.

"இனிமே நீயே பால் குடுக்கா. அவனுக்கு என்னைப் பிடிக்கல."

வாசற்படியில் நின்ற மகள் அதைக் கேட்டு உள்ளே வந்தாள். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் வீட்டில் அவளுக்கு 'வக்கீல்' என்றே பெயர். இவ்வளவு பாசமான அப்பாவை யாருக்காவது பிடிக்காமல் போகுமா? வேறு ஏதோ காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

"நாளைக்கும் நீங்கதான் குடுக்கணும்பா. நான் பக்கத்துலயே இருப்பேன்."

மறுநாள் அப்பா கை கழுவியதிலிருந்தே வக்கீல் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டாள். அப்பா ஆறிய வெந்நீரில் பவுடரை அளந்து போட்டு மூடினார். பிறகு பெயிண்ட் டப்பாவைக் குலுக்குவதைப் போல, தோளெல்லாம் ஆடப் புட்டியைக் குலுக்கினார்.

"கட்டி தட்டக்கூடாதில்ல" என்றார் பெருமையாக.

வக்கீல் புட்டியை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். கீழே பால், மேலே கழுத்துவரை நுரை. ஒருமுறை சோடாவை மடமடவென்று குடித்துவிட்டு, ஏப்பம் வரும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் பட்ட பாடு நினைவுக்கு வந்தது.

"அப்பா, தம்பி பாலோட சேர்த்துக் காத்தையும் குடிக்கிறான்."

அதற்குள் தம்பி பசியில் வீறிட்டான். அத்தை அதட்டினாள். அப்பாவும் கையை நீட்டினார். வக்கீல் புட்டியைக் கொடுக்கவில்லை.

"நுரை அடங்கட்டும்பா. கொஞ்ச நேரம்தான்."

கடைசிக் குமிழி உடையும்வரை அவள் அசையவில்லை. பிறகு, தம்பியின் தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, நிப்பிள் முழுக்கப் பால் நிற்கும்படி புட்டியைச் சாய்க்க வைத்தாள். பாதி குடித்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"அம்மா நடுவுல தோள்ல போட்டுத் தட்டுவாங்க. நீங்க தட்டறதே இல்ல."

"நல்லாக் குடிக்கிறவனை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்" என்றார் அப்பா அசடு வழிய.

அவர் தோளில் போட்டு மெல்லத் தட்டினார். அந்தச் சின்ன உடம்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் ஏப்பம் வந்தது. மீதிப் பாலையும் தம்பி குடித்து முடித்தான். திடீரென்று அவன் முகம் சிவந்தது. கால்களை மடக்கினான். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

புர்ர்ர்.

அப்பாவின் மடி வெதுவெதுப்பாக நனைந்தது. தம்பி அழவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அத்தை மாற்றுத்துணியோடு ஓடிவந்து, பிள்ளையை வாங்கக் கையை நீட்டினாள்.

"துணியை மட்டும் குடுக்கா" என்றார் அப்பா. "என் பிள்ளைக்கு நானே மாத்திக்கிறேன்."