மூச்சு விடும் அறை

காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிய பிறகுதான் கூடத்து விளக்கு அணைந்திருப்பதை அவள் கவனித்தாள். வெளியே மழை, பொழுது சாய்ந்துகொண்டிருந்த நேரம், மேசையில் ஆறிப்போன காப்பியின் வாடை. எல்லாம் எப்போதும்போலத்தான் இருந்தது. மகளின் அறைக் கதவு மட்டும் ஒரு விரல் அகலம் திறந்திருக்க, அந்த இடுக்கிலிருந்து தேன் நிறத்தில் ஒரு வெளிச்சக் கோடு நடையின் தரையில் நீண்டு வந்து, அவள் நாற்காலிக் காலருகே முடிந்தது.

அழகான கோடு. அந்த அழகு அவளுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். அந்த நிறத்தையும், அந்தச் சாய்வையும், இடுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும் முடிவு செய்தவள் அவள்தான்.

ஊரைப் பயமுறுத்திச் சம்பளம் வாங்குகிறவள். வீடியோ கேமில் வருகிற பேய் வீடுகளை வடிவமைப்பது அவள் வேலை. "விளையாடுறவன் தானா போறதா நெனைக்கணும், ஆனா நாம விட்ட வழியிலதான் போகணும்" என்று புதிதாகச் சேர்பவர்களிடம் சொல்லுவாள். போக வேண்டிய பக்கம் கொஞ்சம் வெளிச்சம் வைத்தால் போதும், ஆள் விளக்குப் பூச்சி மாதிரி வந்துவிடுவான். மற்றதை அவனே பார்த்துக்கொள்வான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா?

இந்த முறை புதிதாக ஒரு வீட்டை யோசிக்கச் சோம்பல்பட்டாள். தன் வீட்டையே டேப் வைத்து அளந்து கம்ப்யூட்டரில் கட்டினாள். தன் வீட்டுக் கதவின் கிறீச்சொலி, மகள் படம் வரையும்போது முனகும் பாட்டு, எல்லாவற்றையும் பதிவு செய்தாள். கணவனை ரப்பர் செருப்போடு நடையில் நடக்கவிட்டு, "ஒரு காலை இழுத்து நடங்க" என்றாள். "இதுக்குத் தனியா சம்பளம் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே அந்த மனிதர் இழுத்து இழுத்து நடந்தார். விளையாட்டில் துரத்தி வரும் உருவத்துக்கு அந்த நடைதான்.

அந்த உருவம் நுழையாத ஓர் அறை முதலில் இருந்தது. ஒரு மேசை விளக்கு, குழந்தையின் முனகல் பாட்டு. அலுவலகத்தில் அதற்குப் பெயரே மூச்சு விடும் அறை. ஒரு சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க ஓடி வருகிறவன் அங்கே வந்துதான் மூச்சு விடுவான். விளையாடிப் பார்த்துக் குறை சொல்வதற்கென்றே இருந்த பையன், எல்லாரும் சோடாபுட்டி என்று கூப்பிடுபவன், போன வாரம் கெஞ்சினான்.

"அக்கா, அந்த ரூமை மட்டும் விட்டுருங்க. பாவம், ஒரு எடத்துலயாச்சும் நிம்மதியா இருக்கட்டும்."

"மூச்சு விடுற எடத்துலதான்டா, மூச்சு விடுற நொடியிலதான் அடிக்கணும். ஆளைக் கொல்லக் கூடாது, செத்தா மொதல்லேருந்து ஆரம்பிச்சுருவான். அவனை விட்டுட்டு, கையில புடிச்சிருக்கற புள்ளையை எடுக்கணும். பார்வையை வெளக்கு மேலயே பூட்டிரணும், திரும்பிப் பாக்கவும் விடக் கூடாது."

சோடாபுட்டி அன்று மதியம் சாப்பிடவில்லை. அவளுக்கு அது பாராட்டாகவே பட்டது.

நடையின் கோடியில் ஏதோ சத்தம் கேட்டது.

சப். சர்ர்ர்.

வெளியூர் வேலைக்குப் போயிருந்த கணவனைப் போனில் அழைத்தாள்.

"என்னங்க, உங்க ரப்பர் செருப்பு எங்க?"

"கால்லதான் போட்டிருக்கேன். ஏன், உனக்கு வேணுமா?" அவர் சிரித்தார். லைன் அறுந்தது.

சப். சர்ர்ர்.

வாசல் கதவுக்கு ஓடினாள். கைப்பிடி பாதி சுற்றி, ஒரு சின்னச் சொடுக்கோடு திரும்பியது. மறுபடியும் அதே பாதி, அதே சொடுக்கு. விளையாட்டில் திறக்கவே திறக்காத கதவுகளுக்கு அவள் வைத்த சொடுக்கு அது.

சரி, வெளிச்சத்துக்குப் போகக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சமையலறை பால்கனி வழியாகப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுவிடலாம். இருட்டுக்குள் நுழைந்து, பத்து வருடமாகக் கை பழகிய சுவிட்சைத் தேடினாள். கையில் எதுவும் தட்டுப்படவில்லை. இன்னும் நீட்டினாள். தோள் வரை போயிற்று. சுவிட்ச் இல்லை. சுவரும் இல்லை. குழாய் சொட்டும் ஒலி இல்லை, மழை இல்லை, வாடை இல்லை. முன்னால் வைத்த பாதத்துக்குக் கீழே தரையும் இல்லை.

விளையாடுகிறவன் போகாத இடத்தில் அவள் எதையும் கட்டியதில்லை.

நிலைப்படியைப் பற்றிப் பின்னால் விழுந்து தவழ்ந்தாள். இந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு வழி. அதன் முடிவில் அவள் குழந்தை.

மூச்சு விடக் கூடாது. அவ்வளவுதான். உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு கோட்டின் மேல் நடந்தாள்.

மகள் மேசை விளக்கின் கீழே முனகிக்கொண்டே வரைந்துகொண்டிருந்தாள். குழந்தையின் கையைப் பற்றி இழுத்தாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளியே சப். சர்ர்ர். கதவுக்கு நேர் எதிரே நின்றது. அப்படியே நின்றது.

நெஞ்சு வெடித்தது. கண் இருண்டது.

"அம்மா?" குழந்தை அண்ணாந்து பார்த்தாள். "ஏம்மா பூரி மாதிரி மூஞ்சிய உப்பி வச்சிருக்க?"

கேட்டுவிட்டுத் தன் கன்னத்தையும் உப்பிக் காட்டினாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவி, சிரித்துவிட்டாள். அடக்கி வைத்திருந்த மூச்செல்லாம் அந்த ஒரு சிரிப்பில் வெளியேறியது.

பாட்டு தொடர்ந்து கேட்டது. குழந்தையின் உப்பிய கன்னங்கள் அப்படியே இருந்தன, வாய் மூடியிருந்தது. பாட்டு முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அவள் முகம் தானாக மேசை விளக்கின் பக்கம் திரும்பியது. அவள் திருப்பவில்லை. கழுத்து அசைய மறுத்தது. கண்ணை மூட முடியவில்லை. கத்தக் குரல் வரவில்லை. விளக்கு. விளக்கு மட்டும்.

"அம்மா, இது யாரு?"

பிடியை இறுக்கினாள். இருந்த பலத்தையெல்லாம் விரல்களில் திரட்டினாள். உள்ளங்கைக்குள் அந்தச் சின்னக் கை சூடாக, மெழுகுக் கலர் பிசுபிசுப்போடு இருந்தது. யாரோ அதை மறுபக்கம் இழுத்தார்கள். பிடுங்கவில்லை. மெதுவாக. பொறுமையாக. முதலில் சுண்டு விரல் நழுவியது.

"அம்மா, புடி."

பிறகு அடுத்த விரல்.

சப். சர்ர்ர். பாட்டு நடையை நோக்கி நகர்ந்தது.

அவள் விளக்கைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.