மூலைத் தொட்டியில் ஒரு குடுவை

மூலைத் தொட்டிச் செடி, பூச்சி பிடிக்கும் குடுவை ஒன்று விட்டிருந்தது. கட்டைவிரல் அளவுதான், மூடிகூட இன்னும் திறக்கவில்லை. மற்ற செடிகள் என்றால் சின்னவள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். இது ஏழு மாதமாக ஒரு குடுவையும் விடாமல், இலை இலையாகத் தள்ளிக்கொண்டிருந்த செடி.

வெளியே விடாத மழை. மாலை நாலு மணிக்கே கண்ணாடிக் குடிலுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. மேலே புகையாகத் தண்ணீர் தெளிக்கும் குழாய் உஸ்ஸென்று மூச்சு விட்டு நின்றது, மறுபடி விட்டது. ஈரப்பாசி வாடையும், குடுவை விளிம்புகளில் கசியும் தேன் வாசனையும், உள்ளே விழுந்து ஊறிப்போன பூச்சிகளின் புளிப்பும் கலந்து தொண்டைக்குள் இறங்கின.

பூச்சி தின்னும் இந்தச் செடிகளைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பெரியவள் சொல்லிக் கொடுத்தது. அம்மா அப்பா போன பிறகு தங்கையையும் இந்தக் குடிலையும் ஒரே கையால் வளர்த்த அக்கா. மண்ணில் சத்து இல்லாததால்தான் குடுவை வைத்துப் பூச்சி பிடிக்கிறது. வேரிலேயே வயிறு நிறைந்துவிட்டால் எதற்கு மெனக்கெடப்போகிறது? வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி இலையை விரித்துக்கொண்டு சொகுசாக இருந்துவிடும் என்பாள். அவளுக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. முதலில் சீட்டு, அப்புறம்தான் செடி. வெறும் தொட்டியிலேயே நடப்போகும் தேதியை எழுதிக் குத்திவிடுவாள். வீடே பற்றி எரிந்தாலும் சீட்டு எழுதாமல் நட மாட்டாள்.

"அக்கா, மூலைத் தொட்டிக்கு உரம் ஏதாவது போட்டியா?"

"நான் எதுக்குடி உரம் போடறேன்?"

"இப்பதான் குடுவை விட்டிருக்கு."

பெரியவள் கத்தரிக்கோலைத் துடைத்து மாட்டினாள். "அப்ப பசி எடுத்திருச்சுபோல" என்றாள். மிச்சம் வைக்காமல் டீயைக் குடி என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

டீ தித்திப்பாக இருந்தது. அக்கா இன்று நல்ல மனநிலையில் இருப்பதாகச் சின்னவள் நினைத்துக்கொண்டாள். காலையில், வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த வாரம் போகிறேன் என்று பயந்துகொண்டேதான் சொல்லியிருந்தாள். அக்கா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. ஏழு மாதம் முன்பு சின்னவளின் கணவன், இவளைக் கூட்டிக்கொண்டு வெளியூர் போகிறேன் என்று சொன்னபோதும் அக்கா இப்படித்தான் சரி என்றாள். மறுநாள் அவன் இல்லை. "என்னைத் தேடாதே" என்று போனில் ஒரு வரி வந்தது, அவ்வளவுதான்.

உரம் போடவில்லை என்றால் இத்தனை நாள் எதைத் தின்றது?

இலைகளை விலக்கிச் சீட்டைத் தேடினாள். அடியில், பாசிக்குள் புதைந்து கிடந்தது. விரலால் துடைத்தாள்.

அவன் போன தேதி.

தற்செயலாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே பாசிக்குள் கையை விட்டாள். ஈரம். வேர். இன்னும் வேர். முழங்கை வரை போனபோது விரலில் மெல்லிய கம்பி ஒன்று தட்டியது. இழுத்தாள். வேர் விடவில்லை. பலங்கொண்டு இழுத்தாள்.

மூக்குக் கண்ணாடி. ஒரு பக்கக் காதில், அவளே சுற்றிக் கொடுத்த செம்புக் கம்பி.

அது இல்லாமல் அவனால் வாசற்படிகூட இறங்க முடியாது.

ஏழு மாதம். ஏழு மாதமும் அவள் அக்காவின் மடியில் படுத்துத்தான் அழுதாள். தலையைக் கோதிக் கொடுத்துக்கொண்டே, நன்றிகெட்ட பயல் என்று அவனைத் திட்டியது அந்த வாய். அவளும் சேர்ந்து திட்டினாள். அதுதான் இப்போது நெஞ்சை அறுத்தது, பயத்தைவிட அதிகமாக.

வாசலில் தாழ்ப்பாள் விழுந்தது. வெளிப்பக்கம்.

"அக்கா."

ஓடப் பார்த்தாள். கால் வரவில்லை. நாக்கில் டீயின் தித்திப்பு. அதற்கடியில் ஒரு கசப்பு. இப்போதுதான் தெரிந்தது.

ஆவி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நிழல். அவசரமில்லாமல் நின்றது.

"கொஞ்ச நேரந்தான், சின்னு. உன்னை எங்கயும் அனுப்ப மாட்டேன்" என்றது அக்காவின் குரல். சிறுவயதில் ஜுரம் வந்தால் பேசும் அதே குரல்.

முழங்கால் மடிந்தது. பக்கத்தில், நேற்று வந்திறங்கிய புதுத் தொட்டியின் விளிம்பைப் பிடித்தாள். ஆள் நீளத் தொட்டி. பாதிவரை பாசி. செடி இன்னும் வைக்கவில்லை.

ஓரத்தில் சீட்டு மட்டும் இருந்தது. அக்காவின் உருண்டை எழுத்து.

இன்றைய தேதி. மை எப்போதோ காய்ந்திருந்தது.