ஈ உட்காராத வாடி

ஜௌபர் போகுமிடமெல்லாம் ஈயும் கூடவே போகும். பதுளை பஜாரில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் இப்றாஹீம் முதலாளியின் மகனுக்கு அது பிறவிச் சொத்து. எத்தனை சவர்க்காரம் தேய்த்துக் குளித்தாலும், கல்லூரியில் அவன் உட்காரும் வாங்கைச் சுற்றி இரண்டு ஈயாவது இருந்து பாடம் கேட்கும். அதனால், பாணமைக்குத் தெற்கே வனவிலங்குச் சரணாலயத்தின் கடலோரப் பாதையில் நடந்துகொண்டிருந்தபோது, தன்மேல் ஓர் ஈ கூட இல்லை என்பதைக் கவனித்து அவன் முதலில் சந்தோஷப்பட்டான்.

பிறகுதான் வாடை வந்தது.

மழைக்காலத்தில் கடையின் பின்னறைக் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து அப்புமே, ஈரச் சாக்கும் கசிந்த உப்பும் மீன் நெய்யும் ஒன்றாய்ப் புளித்து, நாக்குக்கு அடியில் போய்க் குந்திக்கொண்டு மறுநாள் வரை எழுந்திருக்காத அந்த வாடை, இங்கே, பாலை மரங்களுக்கும் மணலுக்கும் நடுவில், அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது போல வந்தது. பிறந்ததிலிருந்து ஒரு துண்டுக் கருவாட்டை அவன் வாயில் வைத்ததில்லை. வாப்பா அதைக் குடும்பத்துக்கு நேர்ந்த மானக்கேடாகவே கருதினார். இந்த வாடையிலிருந்து தப்பத்தான் லீவு நாளில் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருந்தான்.

"உங்க வாப்பா நமக்கு முன்னாடியே வந்து கடையத் தெறந்துட்டாருடா," என்றான் லிங்கம்.

லிங்கம் அவனுடைய வகுப்புக்காரன். நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து வளர்ந்தவன், கடலைக் கண்டதில்லை. பாண் ரொட்டிக்கு விடியுமுன் வரிசையில் நிற்க வேண்டியிருந்த வருடம் அது. அவனுடைய அம்மா பெரியாயி அவித்த மரவள்ளிக்கிழங்கையும் கொச்சிக்காய்ச் சம்பலையும் இலையில் கட்டிக்கொண்டு பசறை பஸ் நிலையம் வரை வந்திருந்தாள். "தம்பி, இவன் புதுசா எதையாவது கண்டா கிறுக்குப் புடிச்சு ஓடுவான். போற மாதிரியே முழுசாக் கூட்டியாந்துருங்க," என்றாள். "அதுக்கு நான் பொறுப்பு அம்மா," என்று ஜௌபர் பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு வந்திருந்தான்.

இந்த வாடைக்கு இங்கே இடமே இல்லை. ஆற்றுவாய் வரைக்கும் மனுஷர் கிடையாது, மீன் காயவைக்கும் வாடிக் குடிசை போட ஒருவருக்கும் அனுமதியில்லை என்று வாசலில் காவலாளி சொல்லியிருந்தான்.

மரங்கள் விலகி, கடல் வந்தது. லிங்கம் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினான். தேயிலைக்குள் வளர்ந்தவர்களின் கால் அது. முழங்காலிலிருந்து கணுக்கால் வரை அட்டை கடித்த கறுத்த தழும்புகள். சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி, ஒரு கை அள்ளிக் குடித்தான்.

"உப்புடா! டேய், நெசமாவே உப்புடா!"

இத்தனை காலமும் புவியியல் வாத்தியார் பொய் சொல்வதாக நினைத்திருந்தவன் போல அப்படியொரு சந்தோஷம். அதே சந்தோஷத்தில் பாறைமேல் தாவினான். சிப்பி உள்ளங்காலைக் கிழித்தது. காயத்தைக் கழுவியதில் போத்தல் தண்ணீர் முடிந்தது. வெயில் ஏறியது. காலை ஊன்ற முடியவில்லை. அவனுடைய உதடுகள் வெளுத்துப்போயின.

"வாடை வருதுன்னா ஆள் இருக்கும். ஆள் இருந்தா தண்ணி இருக்கும்," என்றான் லிங்கம். "நீ போயிட்டு வா. நான் எங்க ஓடப்போறேன்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக, ஜௌபர் அந்த வாடையைத் தேடி நடந்தான்.

மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் தென்னங்கிடுகு வேய்ந்த ஒரு வாடி. முன்னால் கம்புகளைக் கட்டிய நீளமான பரண்கள். அவற்றின்மேல் முதுகு பிளந்து விரித்த துண்டங்கள் வரிசையாகக் காய்ந்தன. வரிசையின் கடைசியில் இரண்டு இடம் காலி. அங்கே பச்சை இலை புதிதாகப் பரப்பியிருந்தது. வாசலில் நெஞ்சு உயரத்துக்கு உப்புக் குவியல்.

"யாராச்சும் இருக்கீங்களா?"

கிடுகு மட்டும் சரசரத்தது. தண்ணீர்ப் பானையைத் திறந்தான். விளிம்பு வரை உப்பு.

அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு சரக்கு. ஓர் ஈ இல்லை.

கண்ணைக் கட்டிவிட்டாலும் தொட்டே கட்டா, சுறா, திருக்கை என்று பிரித்துச் சொல்லிவிடுவான். இது எதுவென்று தெரியவில்லை. கை தானாக நீண்டது. கடையில் வந்த பழக்கம்: பெருவிரலால் அழுத்த வேண்டும். காய்ந்தது அசையாது. அரைகுறையாய்க் காய்ந்ததில் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கும். "இன்னும் ரெண்டு வெயில் காட்டணும்," என்பார் வாப்பா.

இதில் பள்ளம் விழுந்தது. மெதுவாக எழுந்தது.

சூடாக இருந்தது. ஈ குந்திய மாட்டுத்தோல் சிலிர்ப்பது போல, விரலுக்கு அடியில் ஒருதரம் சிலிர்த்தது.

விரலைக் காற்சட்டையில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான். வழவழப்பு போகவில்லை. ஒரு குச்சியை எடுத்துத் துண்டத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். அடியில் செதில் இல்லை. தோல். அதில் வட்டமாய்ச் சுருங்கிய ஒரு தழும்பு, பள்ளிக்கூடத்தில் அம்மைக்குக் குத்திய ஊசித் தழும்பு, அவன் தோளில் இருப்பது போலவே.

வழியில் தின்ற மரவள்ளி முழுவதும் வாந்தியாய் மணலில் வந்து விழுந்தது. ஓடினான்.

பாறையில் லிங்கம் இல்லை.

ஒரு சப்பாத்து. பிரித்த இலைப் பொட்டலம். பாறையிலிருந்து மணலில் அகலமாக ஓர் இழுவைத் தடம். இரு பக்கமும் ஒரு காலடி கிடையாது. தடம் நெடுகிலும் உப்புப் பரல்கள். அது மணல்மேட்டுக்குப் போனது.

"லிங்கம்!"

வந்த பாதை திறந்தே கிடந்தது. தூரத்தில், காட்டுக்கு மேலே, நமுனுகுல மலை நீலமாகத் தெரிந்தது. பஸ் ஜன்னலுக்குக் கீழே நின்று கையாட்டிய பெரியாயியும் தெரிந்தாள். முழுசாக் கூட்டியாந்துருங்க என்று அவள் சொன்னது மறுபடி கேட்டது.

ஜௌபர் மணல்மேட்டுக்குத் திரும்பினான்.

வாடை கனத்திருந்தது. பல்லில் ஒட்டியது. மூச்சை வாயால் இழுத்தான். வாயிலும் அதுதான்.

பரண்.

கடைசி இரண்டு இடத்தில் ஒன்று நிரம்பியிருந்தது. தோல் மேலே பார்க்கக் கவிழ்த்துப் போட்டிருந்தது. உப்பு இன்னும் கரையவில்லை. கீழ்ப்பக்கம் இரண்டு கால்கள். கறுத்த தழும்புகள். அட்டைத் தழும்புகள்.

பின்னால் உப்பு சரிந்தது.

திரும்பினான். குவியலுக்குள் ஒரு முகம். தாடை வரைக்கும் உப்பு. இமைகளில் உப்பு பூத்து ஒட்டியிருந்தது. வெளுத்த உதடுகள் பிரிந்தன.

"உப்புடா," என்றான் லிங்கம். அதே சந்தோஷம். "டேய்... நெசமாவே உப்புடா."

ஜௌபர் கத்தப் பார்த்தான். வாயைத் திறந்தபோது எச்சில் வழிந்தது. நாக்குக்கு அடியிலிருந்து ஊறி, நிறைந்து, தாடையில் வழிந்தது. பசி. இத்தனை காலமும் வெறுத்த அந்த வாடைமேல் அவனுக்குப் பசி.

பச்சை இலை விரித்த காலி இடம் பக்கத்திலேயே இருந்தது.

கை தானாக நீண்டது. பெருவிரல் தன்னுடைய முன்கையிலேயே அழுந்தியது.

பள்ளம் விழுந்தது.

அப்படியே நின்றது. எழவில்லை.