இரண்டாவது கன்ட்ரோலர்

வயரைச் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் அவன் போட்டு மூடியிருந்த இரண்டாவது கன்ட்ரோலர், இப்போது சோபாவின் மறு ஓரத்தில் கிடந்தது. வயர் பிரிந்து, டிவிக்கு அடியில் இருந்த பழைய கேம் பெட்டியில் ஒழுங்காகச் செருகப்பட்டிருந்தது. தொட்டுப் பார்த்தான். பட்டன்களில் கதகதப்பு, யாரோ இப்போதுதான் கட்டைவிரலை எடுத்த மாதிரி.

"இது உன் வேலையா?" என்று உள்ளறையைப் பார்த்துக் கத்தினான்.

"எது?" என்றாள் மனைவி, துணிக்கு இஸ்திரி போட்டபடி.

"உனக்கு என்னைக்கு என்ன தெரிஞ்சிருக்கு!"

"தெரிஞ்சிருந்தா உங்களைக் கட்டியிருப்பேனா?"

அவனுக்கு 'குறுக்குவழி' என்று பெயர் வைத்தது அவன் வீடியோக்களைப் பார்க்கும் கூட்டம். பழைய டிவி கேம்களில் எந்தப் பட்டனை எந்த வரிசையில் அழுத்தினால் உயிர் கூடும், எந்தச் சுவர் வழிவிடும் என்று சொல்லித் தருவது அவன் பிழைப்பு. அதில் உச்சம் டீபக் மெனு. கேமைச் செய்தவர்கள் தாங்கள் சோதித்துப் பார்ப்பதற்காக வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் அடைக்காமல் மறைத்துவிட்டுப் போன கொல்லைப்புறக் கதவு அது. சரியான கோட், அதாவது பட்டன்களின் ரகசிய வரிசை, தெரிந்தால் திறக்கும்.

பார்க்கிறவர்களை அவன் ஆட்டு மந்தை என்பான். மந்தைக்கு உண்மையான கோட் எதற்கு? எந்தக் கடையிலும் சீந்துவாரில்லாமல் கிடந்த ஒரு கேம் கேசட்டை எடுத்து, அதற்கு ஒரு கோட்டைத் தானே இட்டுக்கட்டினான். நீளமான வரிசை, இரண்டு கன்ட்ரோலரிலும் ஒரே சமயத்தில், இம்மி பிசகாமல் அழுத்த வேண்டும். சூட்சுமமே அங்கேதான். திறக்கவில்லை என்று எவன் வந்தாலும், 'உன்கூட அழுத்தினவன் சொதப்பிட்டான் தம்பி' என்று கைகழுவி விடலாம்.

ஆனால் சிலர், திறந்தது என்று எழுதினார்கள். யார்கூட விளையாடினாய் என்று ஒருவனைக் கேட்டான். 'தனியாத்தான் அண்ணா' என்று பதில் வந்தது. குறுக்குவழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பொருத்தமாகப் பொய் சொல்லக்கூடத் துப்பில்லாத ஜென்மங்கள்.

சிரிக்காத ஆள் ஒருவர் இருந்தார். ஒரு பல் டாக்டர். 'எல்லாம் புளுகு. நேரலையில் திறந்து காட்டு, இல்லாவிட்டால் எல்லார் முன்னாலும் கைகட்டி மன்னிப்புக் கேள்' என்று சவால் விட்டார். மந்தையும் அவரோடு சேர்ந்து கத்தத் தொடங்கியது. உயிர் போனாலும் போகட்டும், அதுகள் முன்னால் கைகட்டி நிற்பது மட்டும் நடக்காது. மெனுவைப் போலவே ஒரு வீடியோவைச் செய்து லேப்டாப்பில் ஏற்றி, அதை டிவியோடு இணைத்துப் பின்னால் ஒளித்து வைத்தான். கடைசி பட்டனை அழுத்தியதும் படத்தை மாற்றிவிட்டால் தீர்ந்தது.

அந்த நேரலை இன்றுதான். பிற்பகல் வெயில் டிவியின் கண்ணாடியில் பட்டுத் தெறிக்காமலிருக்கத் திரைச்சீலைகளை இழுத்து மூடினான். அறை சாம்பல் பூத்துப் போயிற்று. பருத்த பழைய டிவி உயிர்பெற்றபோது தூசி கருகும் வாசனை எழுந்தது. கொசு ஒன்று காதுக்குள் புகுந்து வெளியேற வழி தெரியாமல் சுற்றுவதைப் போன்ற மெல்லிய ரீங்காரம் சுவர்களில் ஊர்ந்தது. முன்கையில் மயிர் எழுந்து நின்றது. தன் முகமும் டிவியும் சேர்ந்து தெரியும்படி போனைப் பக்கவாட்டில் ஸ்டாண்டில் நிறுத்தி நேரலையைத் தொடங்கினான்.

"வேலைவெட்டி இல்லாதவங்க எல்லாரும் வந்தாச்சா? டாக்டர் சார் எங்க? பல்லு பத்திரம் சார், பாத்துட்டு வாயப் பொளந்தா கொட்டிடும்."

முதலில் விரல் பழகட்டும் என்று தன் கன்ட்ரோலரில் மட்டும் வரிசையைத் தொடங்கினான். இரண்டாவது, எட்டாத தூரத்தில், சோபாவின் மறு ஓரத்திலேயே கிடந்தது.

கடக் என்றது அவன் பட்டன். அந்தப் பக்கத்திலிருந்தும் கடக் என்று ஒரு சத்தம்.

எதிரொலி. மூடிய அறை இல்லையா.

அடுத்ததை வேண்டுமென்றே மெதுவாக, பட்டன் பள்ளத்தில் இறங்குவது தெரியும்படி அழுத்தினான். அதே மெதுவில், அதே கணத்தில், மறு ஓரத்திலும் ஒரு பட்டன் இறங்கியது. ஓரக்கண்ணால் பார்த்தான். அங்கே மெத்தை அமுங்கியிருந்தது, ஆள் உட்கார்ந்த பள்ளமாக. வியர்வை ஊறிய பழைய பிளாஸ்டிக்கின் புளித்த வாசனை அங்கிருந்து மெல்ல நகர்ந்து அவன் முகத்துக்கு வந்தது.

விரல் நின்றது.

'என்ன அண்ணா, நின்னுட்டீங்க?' என்று போன் திரையில் ஓடியது. 'கையைக் கட்டலாமே' என்றார் டாக்டர்.

நிறுத்தினால் மன்னிப்பு. அழுத்தினான். கடக். கடக். மேல். கடக். கடக். இடது. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை. கடைசி பட்டன்.

டிவி இருண்டது.

வெள்ளை எழுத்துகள் வந்தன. ஒலி. சுவர். வேகம். ஆட்டக்காரர்.

லேப்டாப்பை அவன் இன்னும் தொடவே இல்லை.

அம்புக்குறி நகர்ந்தது. நகர்த்தியது அவனில்லை. கடக். கடக். கடைசி வரிக்குப் போய் நின்றது. 'ஆட்டக்காரர் ஒன்று: கன்ட்ரோலர் ஒன்று.' முதல் ஆட்டக்காரனை எந்தக் கன்ட்ரோலர் ஆட்டுவிப்பது என்று மாற்றும் வரி. எத்தனையோ கேம்களில் அவனே காட்டியிருக்கிறான்.

தன் வயரைப் பிடுங்கி எறிந்தான்.

கடக்.

'ஆட்டக்காரர் ஒன்று: கன்ட்ரோலர் இரண்டு.'

எழுந்து ஓட நினைத்தான். கால் வரவில்லை. கத்த நினைத்தான். வாய் திறக்கவில்லை. கடக். முதுகு நிமிர்ந்தது. கடக். உதடுகள் விரிந்தன. போனில் தெரிந்த அவன் முகம் இதமாகச் சிரித்தது.

"நேரம் ஒதுக்கி வந்த உங்க எல்லாருக்கும் ரொம்ப நன்றி" என்றது அவன் வாய். "டாக்டர் ஐயா, நீங்க சந்தேகப்பட்டதுல தப்பே இல்ல."

பாராட்டுகள் மழையாகக் கொட்டின. 'தப்பு என் மேலதான். மன்னிச்சிடுங்க' என்று டாக்டர் எழுதினார். கடக். விரல் நீண்டு நேரலையை அணைத்தது.

மனைவி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தாள். "என்ன, சத்தத்தையே காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

கடக்.

"நின்னு நின்னு உனக்குக் கால் வலிக்குமேம்மா. கொஞ்சம் உட்காரு. மிச்சத் துணியை நான் தேய்க்கறேன்."

அவள் அப்படியே நின்றாள். அவன் முகத்தையே பார்த்தாள். பார், பார், கண்ணைப் பார், உள்ளே நான் இருக்கிறேன் என்று அவன் அலறினான். ஒரு இமைகூட அசையவில்லை.

அவள் முகம் மெல்ல இளகியது.

"இப்பத்தான் ஒரு மனுஷனாப் பேசறீங்க" என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் தலை சாய்த்தாள். அவளுக்கு மறுபக்கம் மெத்தை அமுங்கியே இருந்தது.

கடக்.

அவன் கை எழுந்து அவள் தலையை வருடியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.